முனைமம்: தூத்துக்குடியில் ஒன்று, கரூரில் ஒன்று

"பத்து ரூபா பங்கை ஐநூத்திப் பத்துக்கு வித்திருக்காங்க சார். மீதி ஐநூறு எங்க போச்சு?"

கேட்டவன் என்னிடம் பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவன். இன்று மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருக்கிறான். நான் ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியன் என்பதால், ஆடிட்டரிடம் கேட்கக் கூச்சமான கேள்விகளெல்லாம் என்னிடம் வந்து சேரும். ஃபீஸ் கிடையாது. எப்போதாவது ஒரு சிப்பம் புழுங்கல் அரிசி வீட்டுக்கு வரும், அவ்வளவுதான்.

அன்று அவன் கையில் இருந்தது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் ஆண்டறிக்கை. மகன் செல்போனில் இறக்கிக் கொடுத்திருக்கிறான். வங்கிப் பங்கு வாங்கும் ஆசையெல்லாம் அவனுக்கு இல்லை, கவலை வேறு. ஆலையில் அவனும் அவன் மச்சானும் பாதிக்குப் பாதி. வெளியூர் மண்டிக்காரர் ஒருவர் மூன்றாவது பார்ட்னராக வரக் கேட்கிறார். டிரையரும் கலர் சார்ட்டரும் புதிதாகப் போடப் பணம் வேண்டும் என்பதால் இவர்களுக்கும் சம்மதம். வருகிறவர் முதலுக்கு மேல் 'குட்வில்' தருவதாகவும் ஒத்துக்கொண்டுவிட்டார். அந்தக் குட்வில் யாருக்குச் சேரும் என்பதில்தான் மாமன் மச்சானுக்குள் ஒரு வாரமாகப் பேச்சு குறைந்திருக்கிறது.

கம்பெனிக்காரன் பங்கை அதிக விலைக்கு விற்றால் அந்த அதிகப் பணத்தை என்ன செய்கிறான், அதையே நாமும் செய்துவிட்டுப் போகலாமே என்பது அவன் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் ஒரு வங்கியை மட்டும் பார்த்தால் அது புரியாது, பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இன்னொன்றும் தூரத்தில் இல்லை. காவிரிக் கரையோடு மேற்கே போனால் வரும் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிதான் அது.

முதலில் பெயர். பங்கின் மீது அச்சடித்த விலை முகமதிப்பு. அதற்கு மேல் கம்பெனி வாங்கும் தொகையைப் பங்குச் சந்தையில் 'பிரீமியம்' என்பார்கள். நம் பள்ளிப் புத்தகத்தில் அது முனைமம். அமெரிக்கக் கம்பெனிகளின் அறிக்கையில் இதுவே 'அடிஷனல் பெய்ட்-இன் கேப்பிட்டல்' என்ற நீளமான பெயரில் உட்கார்ந்திருக்கும். மூன்றும் ஒரே பொருள்: பங்கை முதன்முதலாக வெளியிடும்போது, முகமதிப்புக்கு மேல் பங்குதாரர் கம்பெனியின் கையில் கொடுத்த பணம்.

"முதன்முதலாக" என்பதை அவனிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சந்தையில் இன்று ஒருவர் 450 ரூபாய்க்கு ஒரு பங்கு வாங்குகிறார் என்றால், அந்த 450 விற்றவருக்குப் போகிறதே தவிர வங்கிக்குப் போகவில்லை. பங்கு விலை ஆயிரமாக ஏறினாலும் நூறாக இறங்கினாலும் முனைமக் கணக்கில் ஒரு பைசா அசையாது. சிப்பத்தை மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்காரருக்கு என்ன விலைக்கு விற்றால் என்ன, ஆலையின் கல்லாவில் ஏறியது ஆலை விற்ற விலை மட்டும்தானே.

சிப்பம் என்றதும் இன்னொன்றும் சொன்னேன். 25 கிலோ அரிசிப் பையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். பையின் விலை சில ரூபாய், மீதியெல்லாம் உள்ளே இருக்கும் அரிசிக்கு. முகமதிப்பு பை மாதிரி. அது இல்லாமல் அரிசியைக் கட்ட முடியாது. ஓட்டு எத்தனை, டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் பையை எண்ணித்தான். அதனால்தான் பத்து ரூபாய்ப் பங்குக்கு '50 சதவீத டிவிடெண்ட்' என்று கேட்டதும் வாயைப் பிளக்கக் கூடாது. அது 5 ரூபாய். 510 கொடுத்து வாங்கியவருக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

இனி எண்கள். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று தொடங்கி 1962-இல் பெயர் மாற்றிக்கொண்ட மெர்க்கன்டைல் வங்கி, நூறு வயது தாண்டிய பிறகே பங்குச் சந்தைக்கு வந்தது. 2022 செப்டம்பர் 5 முதல் 7 வரை பொது வெளியீடு, 15-ஆம் தேதி பட்டியலில் பெயர். விற்றது 1,58,40,000 புதுப் பங்குகள், விலை 510 ரூபாய். மொத்தம் சுமார் 808 கோடி. கணக்கில் இது இரண்டாகப் பிரியும். பங்குக்குப் பத்து ரூபாய் வீதம் 15.84 கோடி பங்கு முதலுக்கு, ஐந்நூறு வீதம் 792 கோடி முனைமத்துக்கு. இவன் கேட்ட ஐநூறு போன இடம் அதுதான். வங்கிகளின் இருப்புநிலைக் குறிப்பில் அட்டவணை 1 பங்கு முதல், அட்டவணை 2 காப்பும் உபரியும். அந்த இரண்டாவது அட்டவணையில் சட்டப்படியான காப்பு, மூலதனக் காப்பு இவற்றுக்கு அடுத்து வரும் வரி முனைமம்.

கரூர்க் கதைக்கு ஐந்து வருடம் பின்னே போக வேண்டும். 1926-இல் வி.எஸ்.என். ராமலிங்கச் செட்டியாரும் இன்னும் ஆறு வணிகர்களும் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2017 டிசம்பரில் உரிமைப் பங்கு வெளியிட்டது. ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு, அவர்கள் வைத்திருக்கும் கணக்குக்குத் தக்கபடி புதுப் பங்கு. முகமதிப்பு பத்து, விலை 122. திரண்ட பணம் 780 கோடிச் சொச்சம். அதிலும் 700 கோடிக்கு மேல் முனைமம்.

ஒரு பக்கம் 808 கோடி, மறு பக்கம் 780 சொச்சம். இரண்டும் தமிழ்நாட்டு வணிகர்கள் தொடங்கிய, ஏறத்தாழ நூற்றாண்டுக்கால வங்கிகள். கணக்குப் புத்தகத்தில் இரண்டு தொகையும் ஒரே அட்டவணையில் ஒரே வரிக்குப் போயின. மூன்றே வருடத்தில் கரூர் வரி காலியானது. தூத்துக்குடி வரி இருக்கிறது.

வித்தியாசம் விலையில் இல்லை. அதைக் காட்ட முதலில் ஆலைக் கணக்கைப் போட்டேன், அவனுக்குத் தெரிந்த கணக்கு என்பதால். பேச்சுக்கு இரண்டு பேர் ஆளுக்கு 20 லட்சம் முதல் வைத்திருக்கிறார்கள். மூன்றாமவர் 30 லட்சம் கொண்டுவருகிறார். 20 முதலுக்கு, 10 குட்வில்லுக்கு. பள்ளிப் புத்தகம் குட்வில்லை நற்பெயர் என்கிறது. பழைய கூட்டாளிகள் புதியவருக்காக லாபத்தில் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்களோ அந்த விகிதத்தில் பத்து லட்சமும் அவர்களின் முதல் கணக்கில் ஏறும். அந்த விகிதத்துக்குப் புத்தகம் வைத்திருக்கும் பெயர் தியாக விகிதம். முப்பது வருடம் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், எழுதும்போதெல்லாம் சிரிப்பு வரும். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு செய்கிற தியாகம் வேறு எந்தத் துறையில் உண்டு?

ஆக, ஆலையில் அதிகப் பணம் பழையவர்களின் பையில். அவர்கள் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போனாலும் கேட்பாரில்லை. கம்பெனியில் அப்படி இல்லை. முனைமம் பழைய பங்குதாரர் யாருடைய கணக்கிலும் ஏறாது. அது கம்பெனிக்குள்ளேயே கிடக்கும், புதியவரும் பழையவரும் சேர்ந்த சொத்தாக. (பழைய பங்குதாரரே தன் பங்கைப் பொது வெளியீட்டில் விற்றால் பணம் அவருக்குத்தான். அது வேறு வகை. சந்தைக்கு வரும் கம்பெனிகளில் பல, கொஞ்சம் இதையும் கொஞ்சம் அதையும் கலந்து விற்கும். எவ்வளவு கம்பெனிக்கு, எவ்வளவு விற்பவருக்கு என்று வெளியீட்டு விவரக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கும், படிப்பவர்கள்தான் குறைவு. தூத்துக்குடி வங்கி விற்றது முழுக்கப் புதுப் பங்கு.)

அப்படியானால் கம்பெனியில் தியாக விகிதமே கிடையாதா? இருக்கிறது, ஒளிந்திருக்கிறது. 2022 மார்ச் முடிவில் மெர்க்கன்டைல் வங்கியின் நிகரச் சொத்து ஏறத்தாழ 5,335 கோடி. அப்போதைய பங்குகள் 14.25 கோடி. வகுத்தால் பங்குக்கு 374 ரூபாய். புதியவர்கள் 510 வீதம் 808 கோடி கொண்டுவந்து சேர்த்ததும், மார்ச் கணக்கையே வைத்துக்கொண்டால், 6,143 கோடியை, பழையதும் புதியதும் சேர்ந்த 15.84 கோடிப் பங்குக்குப் பிரிக்க வேண்டும். பங்குக்கு 388. பழையவரின் 374 ஏடுகளில் 388 ஆயிற்று. புதியவர் கொடுத்த 510-உம் 388 ஆயிற்று. புதியவர் பங்குக்கு 122 ரூபாய் வீதம் பொதுக் குதிரில் கொட்டியது, பழையவருக்குப் பங்குக்குப் பதின்மூன்று, பதினான்கு ரூபாயாகப் பரவியது. இரு பக்கமும் பெருக்கிப் பாருங்கள், 193 கோடியில் வந்து நிற்கும். ஆலையில் கையில் வாங்கும் குட்வில் இங்கே யார் கையிலும் படாமல் கை மாறியிருக்கிறது.

மச்சானுக்கு இது பிடிக்காது என்றான் இவன். பிடிக்காதுதான். பங்கை விற்கும் வரை அந்தப் பதினான்கு ரூபாயைக் கண்ணால் பார்க்க முடியாது.

கரூரில் இந்தப் பரவலே நடக்கவில்லை. உரிமைப் பங்கில் பழையவரும் புதியவரும் ஒரே ஆள். வலது சட்டைப்பையிலிருந்து இடது பைக்கு. விலையை 122 என்று வைத்தாலும் 60 என்று வைத்தாலும், எல்லோரும் தங்கள் பங்குக்கு வாங்கிக்கொண்டால் யாருக்கும் கூடுதல் குறைச்சல் இல்லை. முனைமம் என்ற வரி பெரிதாகுமா சிறிதாகுமா என்பது மட்டுமே மாறும். ஆகவே பெரிய முனைமத்தைப் பார்த்துப் பெரிய கம்பெனி என்று நினைப்பது, பையில் அச்சடித்த பெயரைப் பார்த்து அரிசியை எடைபோடுவது மாதிரி.

வங்கிகளுக்கு முனைமத்தின் மேல் இவ்வளவு ஆசை ஏன் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. ரிசர்வ் வங்கி முதல் வலுவைக் கணக்கிடும்போது முகமதிப்பும் முனைமமும் ஒரே தட்டில், முதல் தர முதலாக. ஆபத்துக்கு ஏற்ப எடைபோட்ட ஒவ்வொரு நூறு ரூபாய்க் கடனுக்கும், கூடுதல் அரணையும் சேர்த்துச் சுமார் பதினொன்றரை ரூபாய் முதல் இருக்க வேண்டும். 800 கோடி வந்தால் அதன் மேல் ஏறத்தாழ 7,000 கோடிக்குக் கடன் கட்டடம் எழுப்பலாம். அரிசி ஆலையில் 10 லட்சம் வந்தால் 10 லட்சத்துக்கு இயந்திரம் வாங்கலாம், வங்கியில் அதே பணம் எட்டு மடங்கு, ஒன்பது மடங்கு வேலை செய்யும். நட்டம் வந்தாலும் அதே மடங்கில் பின்னால் இழுக்கும்.

கரூரில் அதுதான் நடந்தது. உரிமைப் பங்குப் பணம் வந்து சேர்ந்த அதே நிதியாண்டில், 2017-18-இல், லட்சுமி விலாஸ் வங்கியின் நட்டம் சுமார் 585 கோடி. அடுத்த ஆண்டு 894 கோடி. அதற்கடுத்த ஆண்டு 836 கோடி. மூன்றையும் கூட்டினால் 2,300 கோடிக்கு மேல். திரட்டிய 780 கோடி முதல் வருட நட்டத்துக்கு ஈடுகொடுத்து, இரண்டாம் வருடத்தில் தீர்ந்துபோயிற்று என்று சொல்லலாம். அதன் பிறகும் வங்கி புதுப் பங்குகள் விற்றது. கடைசியில் மொத்தம் 33.67 கோடிப் பங்குகள். வராக் கடன் ஓட்டை அடைபடவில்லை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உடனடித் திருத்த நடவடிக்கைக்குள் வைத்தது. வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றோடு இணைய வைத்த விண்ணப்பத்தை அக்டோபரில் தள்ளிவிட்டது.

இவ்வளவு நட்டத்துக்கு நடுவிலும், ஆண்டறிக்கையின் முனைம வரியை மட்டும் விரல் வைத்துப் படித்தவருக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரிந்திருக்காது. இந்த விஷயத்தில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதுதான். முனைம வரியிலிருந்து நட்டத்தை யாரும் நேராகக் கழிப்பதில்லை. நட்டம் அதே அட்டவணையில் கீழே, லாப நட்டக் கணக்கின் இருப்பு என்ற இடத்தில் கழித்தல் குறியோடு ஏறும். மேலே முனைமம் கொழுத்துக் கிடக்கும், கீழே பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும். கூட்டினால்தான் நிஜம். முனைமம் என்பது பெட்டியில் தனியாகக் கட்டி வைத்த பணம் அல்ல, என்றோ ஒரு நாள் இவ்வளவு வந்தது என்ற எழுத்து. வந்த பணம் மறுநாளே கடனாகவோ கட்டடமாகவோ சம்பளமாகவோ மாறிப் போயிருக்கும். மொய் நோட்டு மாதிரி. கல்யாணத்துக்கு யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது அதில் பத்து வருடம் கழித்தும் இருக்கும். மொய்ப் பணம் அன்றைக்கே சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் போய்விட்டது.

2020 நவம்பர் 17 அன்று மத்திய அரசு வங்கிக்குத் தடைக்காலம் விதித்தது. கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. 25-ஆம் தேதி அமைச்சரவை இணைப்புக்கு ஒப்புதல் தந்தது, 27-ஆம் தேதி முதல் லட்சுமி விலாஸ் வங்கி, சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்துக்குள் கரைந்தது. டி.பி.எஸ். 2,500 கோடி புது முதல் கொண்டுவந்தது. சுமார் 20 லட்சம் வைப்புதாரர்களின் 20,000 கோடிக்கு ஆபத்தில்லாமல் போயிற்று. பங்குதாரர்களுக்கு? இணைப்புத் திட்டம் சுற்றி வளைக்கவில்லை. செலுத்தப்பட்ட பங்கு முதல் முழுவதும், காப்பும் உபரியும் முழுவதும், முனைமக் கணக்கின் இருப்பு உட்பட, நீக்கப்படுகின்றன என்றே சொன்னது. முனைமத்தைப் பெயர் சொல்லி அழைத்து அழித்த சட்ட ஆவணம் சாதாரண ஜனங்களின் கண்ணில் படுவது அபூர்வம். இது பட்டது.

அன்றைக்கு அழிந்தது பணமா, எழுத்தா? 2020 செப்டம்பர் முடிவில் வங்கியின் முதல் விகிதம் மைனஸ் 2.85 சதவீதம். முகமதிப்பையும் முனைமத்தையும் காப்பையும் எல்லாம் சேர்த்துக் கூட்டியும் பூஜ்யத்துக்குக் கீழே. பணம் முன்பே கரைந்துபோயிருந்தது, நவம்பரில் பெயரை அடித்தார்கள் என்று கணக்கு வாத்தியாராக நான் சொல்வேன். ஆனால் பங்கு வைத்திருந்தவர்கள் அப்படிப் பார்க்கவில்லை, நீதிமன்றம் போனார்கள். அவர்கள் பக்கத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது. அதே 2020 மார்ச்சில் யெஸ் வங்கி விழுந்தபோது அதன் பங்குதாரர்களின் பங்கு அழிக்கப்படவில்லை. நான்கில் மூன்று பங்கை மூன்று வருடத்துக்கு விற்கக் கூடாது என்று கட்டிவைத்தார்கள், அவ்வளவுதான். பெரிய வங்கிக்கு ஒரு மருந்து, கரூர் வங்கிக்கு ஒரு மருந்து. நட்டத்தைப் பங்குதாரர் முதலில் தாங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எட்டு மாத இடைவெளியில் இரண்டு வங்கிகளுக்கு இரண்டு நியாயம் என்பது மட்டும் இன்றுவரை செரிக்கவில்லை.

முனைமம் அப்படியே நிற்பதற்கும் அடியோடு அழிக்கப்படுவதற்கும் நடுவே ஒரு பாதை உண்டு. அதற்கும் உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் தொடர் நட்டம் 2017 மார்ச்சில் ஏறத்தாழ 6,979 கோடியாகச் சேர்ந்திருந்தது. முனைம வரியில் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. பங்குதாரர்களைக் கூட்டி, அனுமதி பெற்று, மேலே உள்ளதை எடுத்துக் கீழே உள்ள பள்ளத்தில் போட்டு நிரவினார்கள். நிகர மதிப்பில் ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பழைய மொய் நோட்டைக் கிழித்துப்போட்டுப் புது நோட்டு போட்ட மாதிரி. சாதாரணக் கம்பெனி இப்படிச் செய்ய நினைத்தால் அது முதலைக் குறைப்பதற்குச் சமம். கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் வாசலில் நிற்க வேண்டும்.

சட்டம் ஏன் இவ்வளவு கெடுபிடி? 1937-இல் லண்டனில் ஒரு சினிமாக் கம்பெனி வழக்கில், முனைமத்திலிருந்து டிவிடெண்ட் கொடுக்கத் தடையில்லை என்று தீர்ப்பானது. நேற்று வந்தவரின் பணத்தை எடுத்து இன்று லாபம் என்று பங்கிடலாம் என்று ஆயிற்று. 1948-இல் இங்கிலாந்து அந்தக் கதவைச் சாத்தியது. நம் 1956 கம்பெனிச் சட்டம் 78-ஆம் பிரிவில் அதே பூட்டைப் போட்டது, 2013 சட்டத்தில் அது 52-ஆம் பிரிவு. முனைமத்தை எடுக்கச் சில வழிகளை மட்டுமே அது திறந்து வைத்திருக்கிறது. போனஸ் பங்கு கொடுக்கலாம், கம்பெனி தொடங்கிய செலவையும் பங்கு வெளியீட்டுச் செலவையும் கழிக்கலாம், கடன் பத்திரத்தையோ முன்னுரிமைப் பங்கையோ மீட்கும்போது தரும் கூடுதல் தொகைக்குக் கொடுக்கலாம், தன் பங்கைத் தானே திரும்ப வாங்கலாம். டிவிடெண்டுக்கு வழியில்லை. வங்கியாக இருந்தால் இன்னொரு கண்காணிப்பும் உண்டு: முனைமத்தில் கை வைத்தால் 21 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பூட்டு இவ்வளவு இறுக்கமில்லை. ஆப்பிள் பங்கின் முகமதிப்பு 0.00001 டாலர். பை என்று சொல்லக்கூட முடியாது, பையைக் கட்டும் நூல். பங்குதாரர் தந்ததில் ஏறக்குறைய எல்லாமே கூடுதல் முதல்தான். பெரிய கம்பெனிகள் பலவும் பதிவாகியிருக்கும் டெலவேர் மாநிலச் சட்டப்படி, மொத்தச் சொத்தில் கடனையும் முகமதிப்பு முதலையும் கழித்த மீதி உபரி. அந்த உபரியிலிருந்து டிவிடெண்ட் தரலாம். அங்கே முகமதிப்பு ஒரு சம்பிரதாயம், இங்கே முனைமமும் முதலின் கூடப் பிறந்தது. அமெரிக்க முதலீட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு நம் ஊர் ஆண்டறிக்கையைப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

நம் நாட்டில் விலையை நிர்ணயிப்பதும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1947-இல் வந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், எவ்வளவு முனைமம் வாங்கலாம் என்பதை டெல்லியில் உட்கார்ந்திருந்த ஒரு அதிகாரி சொல்ல வேண்டும். 1992-இல் அந்தச் சட்டம் போயிற்று, பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபிக்குச் சட்ட அதிகாரம் வந்தது. அதன் பிறகு சந்தை என்ன கொடுக்குமோ அதுதான் விலை. 510 கேட்ட தூத்துக்குடி வங்கியின் பங்கு, முதல் நாள் தேசியப் பங்குச் சந்தையில் 495-க்குத்தான் திறந்தது. வாங்கியவர்களுக்கு முகம் வாடியிருக்கும். முனைம வரியில் 792 கோடி அப்படியே.

இப்போது இரண்டு வங்கிகளையும் மறுபடி பக்கத்தில் வைக்கலாம். தூத்துக்குடி வங்கியின் செலுத்தப்பட்ட முதல் ஒரு காலத்தில் வெறும் 28.45 லட்சம் ரூபாய். கோடி இல்லை, லட்சம். 2,84,454 பங்குகள். பிறகு ஒரு பங்குக்கு 500 பங்கு போனஸ் கொடுத்தார்கள். 501-ஆல் பெருக்கினால் 14.25 கோடி வரும். யாரும் புதிதாகப் பணம் போடவில்லை, காப்பில் கிடந்ததைப் பங்கு முதல் என்று பெயர் மாற்றினார்கள். அதாவது பொது வெளியீட்டுக்கு முன்பிருந்த 5,335 கோடியில் பெரும்பகுதி வருடா வருடம் லாபத்தில் ஒதுக்கியது. பங்கு யார் கையில் என்ற வழக்கும் தகராறும் பல வருடம் ஓடின, சந்தைக்கு வரவும் விடவில்லை. வெளியே கையேந்த முடியாததால் உள்ளேயே சேர்க்க நேர்ந்தது என்று நான் நினைக்கிறேன். சில வீடுகளில் கடன் கொடுக்க ஆளில்லாததாலேயே சிக்கனம் வளரும். வெளியீட்டுக்கு முந்தைய வருட லாபம் 822 கோடி. பங்கு விற்றுத் திரட்டியதைவிட ஒரு வருட லாபம் அதிகம். முனைமம் அங்கே விளைந்த நெல்லின் மேல் தூவிய நெல்.

கரூரில் முனைமம்தான் தூண். உள்ளே விளைச்சல் நின்றுபோன பிறகு, வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியதில் நாள் ஓடியது. ஒவ்வொரு முறை புதுப் பங்கு விற்றபோதும் அட்டவணையின் மூன்றாவது வரி உயர்ந்தது, கடைசி வரி அதைவிட வேகமாக இறங்கியது. ஆண்டறிக்கையில் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு வரிகளுக்கும் உள்ள உறவைத்தான். ஒரு கம்பெனியின் சொந்த நிதியில் பங்குதாரர் போட்டது எவ்வளவு, கம்பெனி தானே சம்பாதித்துச் சேர்த்தது எவ்வளவு? புதுக் கம்பெனியில் முதலாவது அதிகமாக இருப்பது இயல்பு. 90 வயதுக் கம்பெனியில் அப்படி இருந்தால் இன்னும் இரண்டு பக்கம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

மாணவன் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். நடுவில் இரண்டு லாரி எடை போட்டு அனுப்பினான், ஒரு தவிட்டு வியாபாரியோடு சண்டையும் போட்டான். பிறகு நேரே விஷயத்துக்கு வந்தான்.

"அப்ப மண்டிக்காரர் தர்ற குட்வில்லை நாங்க ரெண்டு பேரும் எடுத்துக்காம, மில்லுக்குள்ளயே வச்சுக்கலாமா சார்? அஞ்சு வருஷத்துக்கு யாரும் எடுக்கக் கூடாதுன்னு டீட்லயே எழுதிடலாமா?"

எழுதலாம். கூட்டாண்மைச் சட்டம் தடுக்கவில்லை, கூட்டாளிகள் மூன்று பேரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போதும். கம்பெனிக்குச் சட்டம் போட்ட பூட்டை இவர்கள் தாங்களே தங்களுக்குப் போட்டுக்கொள்ளலாம். டிரையருக்கு அந்தப் பணம் உதவும். ஆனால் ஒன்றை எச்சரித்தேன். அப்படி வைத்தால் நாளைக்கு ஆலை நட்டப்பட்டால் முதலில் கரையப்போவதும் அந்தப் பணம்தான். அதில் பாதி உன்னுடையது, பாதி உன் மச்சானுடையது. மண்டிக்காரருடையது இல்லை. கம்பெனியில் முனைமம் எல்லோருக்கும் பொது என்பதால் நட்டமும் பொதுவாக விழும். இங்கே யாருடைய கணக்கில் எழுதுகிறீர்கள், நட்டத்தை எந்த விகிதத்தில் பங்கிடுகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

யோசித்தான். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மச்சானிடமே சொன்னான். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை, பின்னால் ஹல்லர் ஓடுவது மட்டும் கேட்டது.

"இருங்க மாமா. விட்டுக்கொடுத்தது நாம. அவரு பணத்துல நமக்கு ஒண்ணும் இல்லங்கிறீங்க?"

"இல்லடா, இருக்கு. ஆனா எடுக்க முடியாது."

"அதுக்குப் பேரு என்ன?"

அவன் என்னைப் பார்த்தான்.